கழுதைப்புலிக்கு ஒரு வக்காலத்து

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது டிரெயினிங் உண்டு. ஏ.சி. அறை, சமோசா, டீ, கோட்டு போட்ட ஒரு பயிற்சியாளர். எந்த ஊரில் நடந்தாலும், எந்தத் தலைப்பில் நடந்தாலும் ஒரு ஸ்லைடு மட்டும் தவறாமல் வரும். பிடரி மயிர் சிலிர்க்க ஒரு சிங்கம். கீழே ‘தலைவன்’ என்று கொட்டை எழுத்து. அதற்கு அடுத்த ஸ்லைடில் முதுகு சரிந்து, தலை தாழ்த்தி, யாரோ தின்று போட்ட எலும்பைக் கவ்விக்கொண்டு புள்ளி போட்ட ஒரு பிராணி. ‘நீங்கள் சிங்கமா, கழுதைப்புலியா? முடிவு செய்யுங்கள்!’ எல்லோரும் கை தட்டுவார்கள். டெபாசிட் டார்கெட்டை எட்டாத கிளை மேனேஜர்கள் மட்டும் குனிந்து சமோசாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஸ்லைடுக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு. அது மனிதர்களை அவமானப்படுத்துகிறது என்பது ஒரு பக்கம். அதைவிட எனக்கு எரிச்சல் தருவது, அதில் இருக்கும் தகவலே பொய் என்பது. பி.காம். படித்தவனுக்குக் காட்டு விலங்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் ஆப்பிரிக்கா போனதும் இல்லை. ஆனால் போய், வருஷக்கணக்கில் ராத்திரியில் ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கு என்று வந்துவிட்டால் எனக்கும் கொஞ்சம் படிக்கத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தமிழில் கழுதைப்புலி என்று ஒரே பெயரில் இரண்டு விலங்குகளைச் சொல்கிறோம். நான் இப்போது குப்பை கொட்டும் குஜராத்திலும், நம்ம சத்தியமங்கலம், முதுமலைப் பக்கமும் இருப்பது உடம்பில் வரி போட்ட கழுதைப்புலி. இந்திக்காரர்கள் லகட்பக்கா என்பார்கள். அது பெரும்பாலும் தனியாகத் திரியும், கூச்ச சுபாவம். ஸ்லைடில் வருவதும், சினிமாவில் வருவதும், சிரிக்கிறது என்று சொல்லப்படுவதும் ஆப்பிரிக்காவில் மட்டும் இருக்கும் புள்ளிக் கழுதைப்புலி. கூட்டமாக வாழ்வது அதுதான். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

சரி, குற்றச்சாட்டுக்கு வருவோம். ‘கழுதைப்புலி திருடன். சிங்கம் கஷ்டப்பட்டு வேட்டையாடும், இது காத்திருந்து பிடுங்கித் தின்னும்.’

இந்தத் தீர்ப்பு எப்படி வந்தது தெரியுமா? பார்க்கப் போனவர்கள் எல்லோரும் விடிந்த பிறகு போனார்கள். காலை ஆறு, ஏழு மணிக்குப் புல்வெளியில் ஒரு வரிக்குதிரை செத்துக் கிடக்கும். சிங்கங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சுற்றிலும் கழுதைப்புலிகள் நின்று வேடிக்கை பார்க்கும். பார்த்தவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்: அடித்தது சிங்கம், மிச்சத்துக்கு நிற்பது கழுதைப்புலி. குளோசிங் பேலன்ஸை மட்டும் பார்த்துவிட்டு, வவுச்சர் ஒன்றையும் புரட்டாமல் ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட கதை.

வவுச்சரைப் புரட்டியவர் ஹான்ஸ் க்ரூக் என்ற டச்சுக்காரர். 1964-ல் தான்சானியாவுக்குப் போனார். செரங்கெட்டி சமவெளியிலும், பக்கத்தில் இருக்கும் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்திலும் நிலா வெளிச்ச ராத்திரிகளில் கழுதைப்புலிகளின் பின்னாலேயே வண்டி ஓட்டினார். அவர் பார்த்தது தலைகீழ். கழுதைப்புலிகள் இருட்டில் ஓடி, விரட்டி, வில்டபீஸ்ட் மானையும் வரிக்குதிரையையும் தாமே அடித்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டு சிங்கங்கள் வந்தன, விரட்டிவிட்டு உட்கார்ந்து தின்றன. பொழுது விடியும்போது சிங்கம் நடுவில், உழைத்தவன் ஓரத்தில்! இங்கோரோங்கோரோவில் சிங்கம் கழுதைப்புலியிடம் பிடுங்கித் தின்றதுதான் அதிகம் என்று அவர் எழுதினார். அவருடைய புத்தகம் 1972-ல் வெளிவந்தது. ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. ஸ்லைடு தயாரிப்பவர்கள் இன்னும் படிக்கவில்லை.

சில இடங்களில், சில காலங்களில் கழுதைப்புலியும் சிங்கத்திடம் பிடுங்கும், செத்த விலங்கையும் தின்னும். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் கென்யாவில் மாசாய் மாராவில் தொடர்ந்து பார்த்தவர்கள், தாங்கள் கவனித்த கூட்டம் தின்றதில் கிட்டத்தட்ட 95 சதவீதம் அதுவே வேட்டையாடியது என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். 95 சதவீதம் சொந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவனைத் திருடன் என்று சொல்ல எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?

‘சரி, ஆனால் கோழைதானே? கூட்டமாக வந்தால்தானே தைரியம்?’ என்பது அடுத்தது. ஒற்றைக் கழுதைப்புலி தன்னைவிட மூன்று மடங்கு எடையுள்ள வில்டபீஸ்டைத் தனியாக விரட்டி வீழ்த்தும். வரிக்குதிரை என்றால் அது கடிக்கும், உதைக்கும், குடும்பமாக ஓடும் என்பதால் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கிளம்புவார்கள். இதில் க்ரூக் கவனித்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வரிக்குதிரை வேட்டைக்குக் கிளம்பிய கூட்டம், வழியில் வில்டபீஸ்ட் மந்தையே நின்றாலும் திரும்பிப் பார்க்காமல் போகும். அதாவது இன்று என்ன வேலை, அதற்கு எத்தனை ஆள் என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். நம்ம மீட்டிங்குகளில் இந்த ஒழுங்கு கிடையாது.

ஒரு பெண் சிங்கத்தின் எடையில் கழுதைப்புலி பாதிதான் இருக்கும். ஒற்றைக்கு ஒற்றை நின்றால் உயிர் போகும். அதனால் ஒதுங்கி நிற்கிறது. பாதி எடை உள்ளவன் ஒதுங்கி நின்றால் அதற்குப் பெயர் புத்தி.

பிறகு அந்தச் சிரிப்பு. ‘பிறர் கஷ்டத்தைப் பார்த்துச் சிரிக்கும் பிராணி’ என்று எத்தனை வசனம்! அந்தச் ‘சிரிப்பு’ பெரும்பாலும் அடி வாங்குகிற, விரட்டப்படுகிற, சாப்பாட்டை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிற கழுதைப்புலியின் வாயிலிருந்து வருவது. பதற்றமும் பணிவும் கலந்த சத்தம். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள், அதில் எழுப்புகிறவரின் வயதும் அந்தஸ்தும்கூடத் தெரிகிறது என்று 2010-ல் எழுதினார்கள். அழுகிறவனைப் பார்த்து ‘எப்படிச் சிரிக்கிறான் பார்’ என்று இத்தனை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தூரத்துச் சொந்தங்களைக் கூப்பிட அதற்கு வேறு குரல் இருக்கிறது. ‘ஊஊ...ப்’ என்று கீழிருந்து மேலே ஏறும் கூவல். கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். ஒவ்வொருவருக்கும் தனிக்குரல், கூப்பிடுவது யார் என்று கேட்பவருக்குத் தெரியும்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு விலங்கையும் பெயர் வைத்து, பேரேடு திறந்து, பிறப்பு இறப்பு எழுதியதால் தெரிந்தது. மாசாய் மாராவில் கே ஹோல்காம்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1988-ல் ஆரம்பித்தார். செரங்கெட்டியில் மரியான் ஈஸ்ட், ஹெரிபர்ட் ஹோஃபர் இருவரும் 1987-லிருந்து. இங்கோரோங்கோரோ பள்ளத்தில் ஆலிவர் ஹோனர் குழு 1996-லிருந்து. எந்த இரண்டு கழுதைப்புலிக்கும் புள்ளிகள் ஒரே மாதிரி இருக்காது. அதை வைத்து ஆளை அடையாளம் காண்கிறார்கள், நம்ம கேஒய்சி மாதிரி. பிறகு டிஎன்ஏ. யாருக்கு யார் அம்மா, அப்பா, பாட்டி என்று பல தலைமுறைக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். என் சொந்தத்தில் மூன்றாவது தலைமுறைக்கு மேல் எனக்கே பெயர் தெரியாது.

அந்தப் பேரேட்டில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கூட்டத்தில் பத்துப் பேரும் இருக்கலாம், நூறு பேரும் இருக்கலாம். எல்லோரும் எப்போதும் சேர்ந்தே திரிவதில்லை. காலையில் மூன்று பேர், சாயங்காலம் வேறு ஐந்து பேர் என்று பிரிந்து பிரிந்து சேர்வார்கள். ஆனால் யார் நம்ம ஆள், யார் யாருக்குச் சொந்தம், யார் யாருக்கு மேலே என்பது எல்லோருக்கும் மனப்பாடம். தலைமை பெண்களிடம். கூட்டத்தின் உச்சியில் ஒரு பெண். அவள் மகள் அவளுக்கு அடுத்து. பல பெண்கள் பிறந்தால் கடைக்குட்டிக்குத்தான் அக்காமார்களைவிட மேலான இடம். அம்மா சின்னவள் பக்கம் நிற்பதால்.

இந்த அந்தஸ்து பலத்தால் வருகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். பெண் ஆணைவிடக் கொஞ்சம் பெரியது, அதனால் ஆள்கிறது என்று. ஹோனர் குழுவினர் இங்கோரோங்கோரோவின் எட்டுக் கூட்டங்களில் நடந்த ஆயிரக்கணக்கான மோதல்களை அலசி 2019-ல் எழுதியது வேறு: இரண்டு பேர் மோதினால் ஜெயிப்பது, கூப்பிட்டால் யாருக்கு அதிகம் பேர் வருவார்களோ அவர். உடம்பு எடை முக்கியமில்லை, பக்கபலம்தான் முக்கியம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அம்மா, சித்தி, தங்கை என்று ஆள் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஆணுக்கு யாரும் இல்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

ரத்தத்தில் வருகிறதா என்றால் அதுவும் இல்லை. தாயிழந்த குட்டியை வேறு பெண் எடுத்து வளர்ப்பது அபூர்வம், ஆனால் நடக்கும். அப்படி வளர்ந்த குட்டிக்குக் கிடைத்தது பெற்றவளின் அந்தஸ்து இல்லை, வளர்த்தவளின் அந்தஸ்து. ஈஸ்ட், ஹோஃபர் குழு 2009-ல் எழுதியது இது. ராஜ ரத்தம் என்று எதுவும் இல்லை, யார் உன் பக்கம் நின்றார்கள் என்பதுதான் உண்டு.

இந்த இடத்தில் இன்னொரு கோஷ்டியுடனும் சண்டை போட்டுவிடுகிறேன். ‘ஆஹா, பெண்கள் ஆளும் சொர்க்கம்! மனிதன் கற்றுக்கொள்ள வேண்டும்!’ என்று இணையத்தில் உருகுகிறவர்கள் உண்டு. ஐயா, அது சொர்க்கம் இல்லை. கீழ் அந்தஸ்தில் பிறந்த பெண் கடைசியில்தான் சாப்பிடுவாள், அவள் குட்டிகள் மெதுவாகத்தான் வளரும், பல சாகும். சாப்பாடு குறைந்தால் இரட்டைக் குட்டிகளில் ஒன்று இன்னொன்றைப் பட்டினி போட்டே கொல்வதும் நடக்கிறது. பெண்ணின் உடலமைப்பு விசித்திரமானது. பிறப்புறுப்பு ஆணுடையதைப் போலவே நீண்டிருப்பதால் அவள் சம்மதம் இல்லாமல் எந்த ஆணும் நெருங்க முடியாது. அதே காரணத்தால் தலைப்பிரசவம் மரண அவஸ்தை. பல குட்டிகள் செத்தே பிறக்கின்றன. வரமும் சாபமும் ஒரே கணக்கில் வரவு செலவு. ஸ்லைடுக்காரர் வில்லனாக்கினார், இவர்கள் தேவதையாக்குகிறார்கள். இரண்டு பேருமே விலங்கைப் பார்க்கவில்லை.

இப்போது அந்த வெளியூர் ஆணுக்கு வருகிறேன். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பங்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது.

ஆண் குட்டிக்கும் அம்மாவின் அந்தஸ்து உண்டு. தலைவியின் மகன் என்றால் பிறந்த கூட்டத்தில் ராஜகுமாரன். இரண்டு, மூன்று வயதுக்கு மேல் பெரும்பாலான ஆண்கள் கிளம்பிவிடுகிறார்கள். போகிற இடத்தில் பழைய அந்தஸ்து செல்லாது. ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்திருக்கும் வெளியூர் ஆண்களின் வரிசையில் கடைசி இடம். முன்னால் இருப்பவர் செத்தாலோ, வேறு ஊருக்குப் போனாலோதான் ஒரு படி ஏறலாம். சண்டை போட்டு ஏறுவது இல்லை, சீனியாரிட்டி லிஸ்ட்! நேற்றுப் பிறந்த உள்ளூர்க் குட்டிக்குக்கூட ஒதுங்கி வழிவிட வேண்டும். வருஷக்கணக்கில் பொறுமையாக ஒரு பெண்ணின் பின்னால் தூரத்தில் நடந்து, சிநேகம் பிடித்து, ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும்.

துரத்தியா விடுகிறார்கள்? இல்லை. ஹோனர் குழு 2007-ல் காட்டியது, பெண்களின் தேர்வுதான் ஆண்களைக் கிளப்புகிறது என்று. இளம் பெண்கள், தாங்கள் பிறந்த பிறகு கூட்டத்துக்கு வந்த ஆண்களையோ, தங்களுக்குப் பின் பிறந்த ஆண்களையோதான் விரும்புகிறார்கள். அப்பாவையோ அண்ணனையோ தவிர்க்க அவர்களுக்குத் தெரிந்த எளிய வழி அது. அதனால் இளம் பெண்கள் எங்கே அதிகமோ அங்கே ஆண் போகிறான். சொந்தக் கூட்டத்திலேயே வாய்ப்பு நன்றாக இருந்தால் தங்கிவிடுகிறான். கிளம்பியவனுக்கும் தங்கியவனுக்கும் வாரிசுக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2016-ல் அதே குழுவினர் எழுதினார்கள்.

கல்யாண வீடுகளில் ‘ஊரோட இருந்திருக்கலாம்ல, என்னத்தைச் சம்பாதிச்சுக் கிழிச்ச?’ என்று கேட்கும் மாமாக்களுக்கும், ‘இங்கேயே கிடந்து என்ன செய்யப் போற?’ என்று தம்பியைக் கேட்கும் நமக்கும் சேர்த்து இதைச் சமர்ப்பிக்கிறேன் :-)

விளையாட்டு போதும். நான் கழுதைப்புலியிடமிருந்து வாழ்க்கைப் பாடம் எடுக்கச் சொல்லவில்லை. சிங்கத்தை வைத்துப் பாடம் எடுப்பவரைத் திட்டிவிட்டு நானே அதைச் செய்தால் அசிங்கம். நான் சொல்வது பார்வையைப் பற்றி. வந்த ஊரில் வரிசையின் கடைசியில், ஓரமாக, தலை தாழ்த்தி நிற்கும் ஒருவனை விடிந்த பிறகு வந்து பார்க்கிறவன் என்ன எழுதுவான்? கோழை, ஒட்டுண்ணி, மிச்சத்துக்கு நிற்பவன். ராத்திரி முழுக்க அவன் ஓடியதை யாரும் எழுதவில்லை.

இந்தப் பார்வை நமக்குப் புதிதா? 1960களின் கடைசியில் பம்பாயில் ‘ஹடாவ் லுங்கி’ என்று கோஷம் போட்டுத் தென்னிந்தியர்களை விரட்டினார்கள். உள்ளூர்க்காரன் வேலையைப் பிடுங்கித் தின்ன வந்தவர்கள் என்பதுதான் அன்றைய குற்றச்சாட்டு. டைப்ரைட்டர் தட்டியவர்களும், ஓட்டல் வைத்தவர்களும், தாராவியில் தோல் பதனிட்டவர்களும் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கோஷம் போட்டவர்கள் பார்க்கவில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாமே இன்று ஊருக்குப் போனால், திருப்பூரில் தைக்கும், சென்னையில் மெட்ரோ கட்டும் பீகார், ஒடிசாப் பையன்களைப் பார்த்து ‘வடக்கனுங்க வந்து வேலையெல்லாம் புடுங்கிட்டானுங்க’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். பேச்சு வழக்கில் அது வெறும் அரட்டை. வாங்குகிறவனுக்கு அப்படி இல்லை.

கழுதைப்புலிக்கும் அப்படி இல்லை. அவப்பெயர் அதைக் கொல்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

செரங்கெட்டியில் மந்தைகள் வருஷம் முழுக்க இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும். கழுதைப்புலியின் குட்டிகள் இருக்கும் வளையோ ஒரே இடத்தில். மந்தை தூரமாகப் போய்விட்டால் பால் கொடுக்கும் தாய் என்ன செய்வாள்? நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நடந்து போய், வேட்டையாடித் தின்றுவிட்டு, அத்தனை தூரமும் திரும்ப நடந்து வந்து பால் கொடுப்பாள். மறுபடி கிளம்புவாள். குட்டிகள் சராசரியாக மூன்று நாள் பட்டினியாகக் காத்திருக்கும். ஒரு தாய் இப்படி வருஷத்துக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர் நடக்கிறாள் என்று ஈஸ்டும் ஹோஃபரும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்குப் போகிற தூரத்தைவிட அதிகம். ஒரு வருஷத்துக்கு மேல் பால் கொடுக்க வேண்டும். அடுத்தவள் குட்டிக்குப் பெரும்பாலும் யாரும் பால் கொடுப்பதில்லை. இவள் திரும்பாவிட்டால் குட்டி சாகும்.

அந்தப் பாதையில் கம்பிச் சுருக்கு இருக்கிறது. இறைச்சிக்காக மானுக்கு வைப்பது. நடந்து போகிற தாய் மாட்டிக்கொள்கிறாள். செரங்கெட்டியில் வயது வந்த கழுதைப்புலிகளின் சாவுக்கு இந்தச் சுருக்குகள் ஒரு முக்கியக் காரணம் என்று அவர்கள் 1993-லேயே எழுதினார்கள். இன்னும் பல இடங்களில் விஷம் வைத்த இறைச்சி. கூட்டமாகச் சாப்பிடும் விலங்குக்கு விஷம் வைத்தால் குடும்பமே போகும். சிங்கம் சுருக்கில் மாட்டினால் உலகமே அழும், உடனே நன்கொடை வரும். கழுதைப்புலி மாட்டினால்? ‘போகட்டும், திருட்டு ஜென்மம்.’

‘ஆட்டையும் மாட்டையும் அடிக்கிறதே, ஆளைக்கூடத் தாக்கியிருக்கிறதே’ என்று கேட்கலாம். உண்மை. அங்கே ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்கு அது நிஜமான நஷ்டம், நிஜமான பயம். அவர்கள் கோபப்பட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர்களுக்கு நஷ்டஈடு வேண்டும், நல்ல பட்டி வேண்டும். என் சண்டை, ஒரு ஆடுகூட இழக்காமல் ஏ.சி. அறையில் உட்கார்ந்து அதைக் கேவலப்படுத்துகிறவர்களோடு.

பக்கத்திலேயே வாழ்கிறவர்கள் எல்லோரும் வெறுக்கவும் இல்லை. எத்தியோப்பியாவில் ஹரார் என்ற பழைய கோட்டை ஊரில் ராத்திரியானால் கழுதைப்புலிகளுக்குக் கையால் இறைச்சி ஊட்டுகிறார்கள். அதே நாட்டில் மெக்கெல்லே நகரத்தைப் பற்றி 2021-ல் ஒரு ஆய்வு வந்தது. ஊரார் வீசியெறியும் கால்நடைச் சடலங்களில் வருஷத்துக்கு 200 டன்னுக்கு மேல் கழுதைப்புலிகள் தின்று தீர்க்கின்றன, அதனால் ஆந்த்ராக்ஸ் போன்ற நோய்கள் மனிதருக்கும் மாட்டுக்கும் பரவுவது குறைகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். எலும்பையும் அரைத்து ஜீரணிக்கும் வயிறு அது. சம்பளமில்லாத துப்புரவுப் பணியாளர். துப்புரவு செய்கிறவர்களைக் கேவலமாகப் பார்ப்பது யாருடைய வழக்கம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். 1994-ல் வந்த ‘லயன் கிங்’ கார்ட்டூனில் கழுதைப்புலிகள் வில்லனின் அடியாட்கள், மூளை இல்லாத ரவுடிகள். அந்தப் படத்துக்காக டிஸ்னியின் ஓவியர்கள் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம் வளர்த்த கழுதைப்புலிகளை நேரில் வந்து பார்த்து வரைந்துகொண்டு போனார்கள். கொஞ்சம் நல்லவிதமாகக் காட்டுங்கள் என்று அங்கிருந்த ஆராய்ச்சியாளர்கள் கேட்டும் பலன் இல்லை. அதே பெர்க்லி கழுதைப்புலிகள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கயிற்றை இழுத்தால்தான் சாப்பாடு விழும் என்ற புதிரைப் பயிற்சியே இல்லாமல் அவிழ்த்தன என்று 2009-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. யாருக்கு மூளை இல்லை?

2019-ல் அதே படம் மறுபடி வந்தது. தமிழிலும் வந்தது. சித்தார்த், அரவிந்த் சாமி குரலில் நம்ம வீட்டுப் பிள்ளைகளும் பார்த்தார்கள். அந்தப் படத்தைக் காட்டாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருக்கும். படம் முடிந்த பிறகு பத்து நிமிஷம் உட்கார்ந்து, ‘கண்ணா, அது கதை. நிஜத்தில் அந்த அம்மா குட்டிக்குப் பால் கொடுக்க ஐம்பது கிலோமீட்டர் நடக்கும்’ என்று சொல்லுங்கள். புரிந்துகொள்ளும். அப்பாவின் டிரான்ஸ்ஃபரால் மூன்று ஊரில் மூன்று ஸ்கூல் மாறிய பிள்ளைக்கு, தாய் ஏன் தூரம் போகிறாள் என்பது நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, புள்ளிக் கழுதைப்புலி அழிவின் விளிம்பில் இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-ல் மதிப்பிட்டபோது அபாயம் குறைந்த பட்டியலில்தான் வைத்தது. ஆனால் எண்ணிக்கை குறைந்து வருகிறது, காப்புக்காடுகளுக்கு வெளியே வேகமாக என்றும் குறித்தது. நம்ம நாட்டின் வரிக் கழுதைப்புலியின் நிலைமை இன்னும் ஒரு படி மோசம். அச்சுறுத்தலை நெருங்கிய பட்டியல். அதுவும் ராத்திரியில்தான் வெளியே வருகிறது. சாலையில் வண்டி அடித்துச் சாகிறது, விஷத்தில் சாகிறது. அதற்கென்று ஸ்லைடுகூட யாரும் போடுவதில்லை.

ஒரு உயிரைப் பற்றி, ஒரு ஊராரைப் பற்றித் தீர்ப்பு எழுதும் முன்னால் ராத்திரிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நாற்பது வருஷமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்காமல் எழுதும் தீர்ப்புக்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு: பொய்க் கணக்கு.

பி.கு.: ‘போயும் போயும் கழுதைப்புலிக்கா சார் வக்காலத்து?’ என்று தமிழ்ச் சங்கத்து நண்பர் கேட்டார். சிங்கத்துக்குத்தான் ஏற்கெனவே நிறைய வக்கீல்கள் இருக்கிறார்களே சார்!